புராஜெக்டும் பாம்பன் பாலமும்

நஞ்சன்கூட்டில் நம் பிள்ளைகள் பலர் டிப்ளமோவும் பி.இ.யும் படிக்கிறார்கள். குழுவாகச் செய்யவேண்டிய புராஜெக்டை ஒருவனே இரவு பகலாகச் செய்கிறான். மற்றவர்கள் பெயரை மட்டும் சேர்த்துக்கொள்கிறார்கள். அவனைத் தலைவன் என்று நாமும் மெச்சுகிறோம். என் கருத்தில் அது தலைமையன்று.

1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலத்தின் கர்டர்களைக் கடல் அடித்துச் சென்றது. சீரமைக்க ரயில்வே ஆறு மாதம் குறித்தது. மேலதிகாரி அதை மூன்றாகக் குறைத்தார். பொறுப்பேற்ற இ. ஸ்ரீதரனுக்கு அப்போது வயது 32. கடலில் கர்டர்கள் கிடக்கும் செய்தி மீனவர்கள் மூலம் தெரிந்தது. புதியவை வரட்டும் என்று காத்திராமல் அவற்றையே மீட்டுப் பொருத்தினார்கள். 46 நாட்களில் வேலை முடிந்தது. நெருக்கடியிலும் மீனவர் சொல்லைக் காதில் வாங்கியதே தலைமை.

நான் படித்த காலத்து சர்வே கேம்ப்பும் இதையே கற்பித்தது. செயின் பிடிப்பவன் தவறினால் தியோடலைட் பார்ப்பவன் உழைப்பும் வீண். மாலைக்குள் வரைபடம் தரவேண்டும் என்றபோது, குற்றவாளியைத் தேடிய குழு பின்தங்கியது. உடனே மீண்டும் அளந்த குழு முடித்தது.

பெற்றோர்களே, மார்க் எத்தனை என்பதோடு, குழுவில் யார் யார் என்ன செய்தார்கள் என்றும் கேளுங்கள். வேலைக்குப் போகும் பிள்ளைக்கு அந்தப் பதில்தான் உதவும்.