மழையும் பீலியும்

சென்ற மாசி மகத்தன்று இறத்தோட்டைக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றில், நமக்கு வேண்டிய குடும்பத்தாரின் இல்லத்திலே தங்கியிருந்தோம். மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்தின் ஐந்து தேர்களும் நகர வீதிகளிற் பவனி வரும் நாள் அது. வீட்டார் அதிகாலையிலேயே பஸ் ஏறிவிட்டனர். முழங்கால் வலியினால் அம்மாயி மாத்திரம் போகவில்லை. அவருக்குத் துணையாகத் தரம் 9இற் பயிலும் பேரனும், பேச்சுத் துணைக்கு நாமும் எஞ்சினோம்.

நகரத்து இளைஞர் சிலர் தேர்ப்பவனியைக் கைத்தொலைபேசி மூலம் இணையத்தில் நேரலையாக அனுப்பிக்கொண்டிருந்தனர். பேரன் தன் தொலைபேசியை முதலிற் சன்னலோரம் வைத்துப் பார்த்தான், பின்னர் வாசற்படியில், பின்னர் மாமரத்தடியில். திரையிலே சிறு வட்டமொன்று சுழன்றதேயன்றித் தேர் வந்தபாடில்லை. அவ்வேளை ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் நீலகிரியிலே கோத்தகிரியில் வாழும் அம்மாயியின் தங்கை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பின்னாளிற் குடும்பத்தோடு கப்பலேறியவர்.

"அக்கா, தேர் கெளம்பிருச்சு! பேரன் பெரிய டீவியிலயே போட்டுட்டான். நீ பாக்குறியா?"

அம்மாயி ஒரு கணம் நம்மை நோக்கினார். "பாக்குறேன் தங்கச்சி" என்றார்.

நம் மாவட்டத்திலே ஓடுகின்ற தேர் கடல் கடந்து நீலகிரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இந்த லயத்துக்கு மட்டும் வரவில்லை. இவ்விந்தை எவ்வாறு நிகழ்கிறது என்பதை மாணவ நேயர்கள் அறிந்திருத்தல் நன்று.

வானலை ஒலிபரப்பு மழையை ஒத்தது. 1925 டிசம்பரிற் கொழும்பில் வானொலி தொடங்கிய நாள் முதல் அதன் இயல்பு ஒன்றே: ஒருவர் கேட்பினும் ஓரிலட்சம் பேர் கேட்பினும் நிலையத்துக்குச் செலவு ஒன்றுதான். சிற்றலையானது வானத்து மின்மண்டலத்திற் பட்டுத் திரும்புவதால் மலையையும் கடலையும் தாண்டிச் செல்லும். தொலைக்காட்சி அலையோ பெரும்பாலும் நேர்கோட்டிலே செல்வது. மலை மறித்தால் நின்றுவிடும். ஜப்பானிய உதவியுடன் 1982இல் ரூபவாஹினி தோன்றியபோது 2,524 மீற்றர் உயரமுள்ள பீதுருதாலகாலை உச்சியை அஞ்சல் நிலையத்துக்குத் தேர்ந்தது இதனாலேயே. அப்படியிருந்தும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் மடிப்புகளில் ஒளிந்துகிடக்கும் நம் தோட்டங்களில், மூங்கிற் கழியில் அன்டெனாவைக் கட்டி ஒருவர் திருப்ப, உள்ளிருந்து மற்றொருவர் "போதும், போதும்!" எனக் கூவிய காலத்தை மறந்தவர் யார்? 1996 மார்ச் 17இல் லாகூரில் அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காது 107 ஓட்டங்கள் பெற்று உலகக் கிண்ணத்தை வென்றுதந்த இரவில், ஒரே பெட்டியின் முன் லயமே கூடியிருந்தது. படத்திலே பாதி புள்ளியாயினும் ஆரவாரத்துக்குக் குறைவில்லை.

நிற்க. இணையத் தொலைக்காட்சி மழையன்று, பீலி நீர். பார்ப்போர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிரதி ஒன்று தனித்தனிக் குழாயிலே பாய வேண்டும். பத்து வீட்டார் ஒரே நிகழ்ச்சியைக் கண்டாற் பத்துப் பிரதிகள். ஆகவே, ஆயிரம் பேர் ஒரே தொலைபேசிக் கோபுரத்தைப் பகிருமிடத்து நீர் சொட்டுச் சொட்டாகிவிடும். ஸ்ரீ லங்கா டெலிகொம் 2008இல் தொடங்கிய 'பியோ டிவி' போன்ற முறைகள் இதற்கு ஓர் உபாயம் கண்டன: தொலைபேசி நிலையம் வரையில் ஒரு சனலுக்கு ஒரே பிரதி, அங்கிருந்துதான் வீடுகளுக்குக் கிளை பிரியும். தொட்டிவரை ஒரே குழாய் என்று கொள்க. ஆயினும் வீட்டுக்குக் கம்பி வந்திருக்கவேண்டுமே!

உலகச் சனல்களை இணையவழி விற்கும் வணிகத்தின் கதை கனடாவின் ரொறன்ரோ நகரிலே சுவையாகத் தொடங்கிற்று. 1999இன் இறுதியில் 'ஐகிரேவ் டிவி' என்னும் நிறுவனம் அயலிலே வானிற் கிடைத்த அமெரிக்க, கனடியச் சனல்களை எவரிடமும் அனுமதி பெறாது இணையத்தில் ஏற்றியது, வழக்குகள் பாய்ந்தன, சில மாதங்களுள் மூடிற்று. அதே நகரிற் பின்னர் வளர்ந்த 'ஜம்ப் டிவி' பல நாட்டுச் சனல்களிடம் உரிமை பெற்று, தாய்நாட்டைப் பிரிந்தோருக்கு நேரலையாகக் காட்டி மாதச் சந்தா வாங்கியது. 2006இற் பங்குச் சந்தைக்கும் சென்றது. 2008இல் 'நியூலயன்' நிறுவனத்தோடு இணைந்தது. உதய் ரெட்டி 2006இல் நிறுவிய 'யப் டிவி' தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிச் சனல்களை இவ்வாறே கடல் கடந்து கொண்டுசென்றது. பிரிந்து சென்றோரின் ஏக்கமே இவ்வணிகத்தின் முதல் மூலதனம் எனின் மிகையாகாது.

உரிமை நாட்டுக்கு நாடு வேறாக விற்கப்படுவதால், 'இந்நிகழ்ச்சி உங்கள் நாட்டிற் கிடைக்காது' என்னும் வாசகம் திரையில் தோன்றுவதுண்டு. இதற்குச் சினந்து, எல்லாச் சனலும் இலவசம் என்று விற்கப்படும் உரிமையற்ற பெட்டிகளை வாங்குவோர் உளர். நம் நண்பரொருவர் வாங்கிய பெட்டி மூன்றாம் மாதமே கண்மூடியது. விற்றவரும் அகப்படவில்லை.

இன்னொரு வேடிக்கை: நேரலை உண்மையில் நேரலையன்று. படத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கி, சிலவற்றைச் சேமித்துக்கொண்டே காட்டுவதால் அரை நிமிடம் வரையிற் பிந்துதல் உண்டு. கிரிக்கெட் நாளில் அன்டெனா வைத்துள்ள அயல்வீட்டார் கூவிய பின்னரே நம் திரையிற் பந்து வீசப்படும்!

இனிச் செலவு. வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் வரும் எளிய படத்துக்கு மணிக்கு ஏறக்குறைய 450 மெகாபைட் வேண்டும். 5 மெகாபிட் வேகத்துத் தெளிந்த படத்துக்கு 2 ஜிகாபைட்டுக்கும் மேல். கொழுந்து எடுத்து நாட்சம்பளம் பெறும் வீட்டில் இது எத்தனை 'ரீலோட்' என்பதைக் குடும்பத் தலைவியர் நம்மினும் நன்கறிவர். 2020இல் பள்ளிகள் மூடியபோது பாடங்களுக்காக மலையுச்சி தேடி ஏறிய பிள்ளைகளும் அறிவர். அன்று தொலைக்காட்சியிலும் பாடங்கள் வந்தன. மழை பெய்தவிடத்தே அவற்றுக்கு விலையில்லை. புதியது வந்துவிட்டதென்று பழைய அஞ்சல் நிலையங்களைப் பழுதுபார்க்காது விடுவது மலையகத்துக்கு ஆகாது என்பது நம் அபிப்பிராயம். குழாய் வந்த வீட்டார்க்கு மழையின் அருமை தெரிவதில்லை.

அன்றைய கதைக்கு வருவோம். படத்துக்கு இடந்தராத அலை பேச்சுக்கு இடந்தந்தது. குரலொலிக்குப் படத்துக்கு வேண்டியதில் இருபதில் ஒரு பங்கே போதும். சிறிது நேரம் அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டிருந்தனர். கோத்தகிரியிலிருந்து திடீரென ஒரு கேள்வி வந்தது.

"ஏங்க்கா, மேளச் சத்தம் எங்கூட்லதான் கேக்குது. ஒன் பக்கம் ஒண்ணும் கேக்கலையே?"

அம்மாயி விடை கூறவில்லை. மறுமுனையிலும் மௌனம். பின்னர் நாற்காலி நகரும் ஓசை. தங்கை தம் தொலைபேசியை அங்கிருந்த டீவியின் அருகே கொண்டுபோய் வைத்துவிட்டார் போலும். நாதஸ்வரமும் தவிலும் கரகரத்தவாறே நீலகிரியிலிருந்து இறத்தோட்டை மலைக்கு வந்தன. அம்மாயி கைகளைக் கூப்பிக்கொண்டார். பேரன் சுழன்றுகொண்டிருந்த வட்டத்தை மூடிவிட்டு, அழைப்பின் ஒலியைக் கூட்டினான்.