உழைத்தவர் பெயர் தாளில் இருக்கட்டும்

மாலை ஏழரை மணிக்குச் சயான் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடக்கும் தமிழர்களின் பேச்சைச் சற்றுக் காது கொடுத்துக் கேட்டால் போதும். சம்பளம் போதவில்லை என்ற குறை உண்டு. வாடகை ஏறிவிட்டது என்ற குறையும் உண்டு. ஆனால் அடிவயிற்றிலிருந்து எழும் குறை வேறு. "மாடாய் உழைப்பது நான், பெயர் வாங்குவது அவன்" என்பதே அது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு குமாஸ்தா. திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர். மும்பை கோட்டைப் பகுதியில் ஓர் ஆபீசின் கணக்குப் பிரிவில் வேலை. பல மாதங்களாக நேராகாமல் கிடந்த ஒரு கணக்கைப் பத்து நாள் மாலை உட்கார்ந்து, வவுச்சர் வவுச்சராகப் புரட்டி, கடைசிப் பைசா வரை ஒத்துப்போகச் செய்தார். பதினோராம் நாள் காலை, பக்கத்து மேஜைக்காரர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அதிகாரியின் அறைக்குள் போனார். "கணக்கு நேராகிவிட்டது, ஸாப்" என்றார். "சபாஷ்" என்று பதில் வந்தது. நேராக்கியது யார் என்று அதிகாரி கேட்கவில்லை. பக்கத்து மேஜைக்காரரும் சொல்லவில்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதையாகப் போயிற்று.

அன்று இரவு குமாஸ்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் முதல் பக்கத்து மேஜைக்காரரோடு பேச்சு நின்றது. வேலையிலும் கை ஓடவில்லை. இரண்டு வாரத்தில், "இவர் முன்போல் இல்லை" என்று அதிகாரியே சொல்லும்படி ஆயிற்று. உழைத்ததற்குக் கிடைக்காத கவனம், உழைக்காததற்கு உடனே கிடைத்துவிட்டது!

ஞாயிற்றுக்கிழமை, மும்பைக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆன ஊர்க்காரர் ஒருவரிடம் போய்ப் புலம்பினார். பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"தம்பி, அந்தத் தாள்ல உன் கையெழுத்து இருக்கா?"

"இல்ல, அண்ணாச்சி."

"அப்போ அது யார் போட்ட கணக்குன்னு அதிகாரிக்கு எப்படித் தெரியும்?"

தலைகுனிந்து வேலை செய்த பழக்கம்

இந்த மௌனத்துக்குக் காரணம் உண்டு. 1966-இல் சிவசேனை தோன்றியபோது, பம்பாயில் குமாஸ்தா வேலைகளையும் ஸ்டெனோ வேலைகளையும் தென்னாட்டார் பிடித்துக்கொண்டார்கள் என்பதே அதன் முதல் முழக்கங்களில் ஒன்று. அதற்கு முன்பே 'மார்மிக்' வார இதழில், கம்பெனிகளில் வேலை பார்த்த தென்னாட்டாரின் பெயர்கள் பட்டியல் பட்டியலாக வெளிவந்தன. பெயர் வெளியே தெரிவதே ஆபத்து என்ற காலம் அது. "வாயைத் திறக்காதே, வந்த வேலையைப் பார்" என்று மூத்தவர்கள் இளைஞர்களுக்குச் சொன்னதில் நியாயம் இருந்தது.

காலம் மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை. இந்தியோ மராத்தியோ சரளமாக வராத தயக்கமும் அதோடு சேர்ந்துகொண்டது. அதிகாரியின் அறைக்குள் போய் நான்கு வாக்கியம் பேச வேண்டுமே என்ற கூச்சத்தில், "நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்" என்று தாளைத் தாமே நீட்டுகிறவர்கள் எத்தனை பேர்! பேசத் தெரிந்தவர் போய்ப் பேசுகிறார். பேசியவருக்குப் பெயர் போகிறது.

தற்பெருமை அல்ல, ஆபீஸ் முறை

வேலையே பேசும் என்று சிலர் நம்புகிறார்கள். வேலைக்கு வாய் கிடையாது. அதனால்தான் ஆபீஸ் முறையை வகுத்தவர்கள் வவுச்சரின் அடியில் தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என்று தனித்தனி இடம் வைத்தார்கள். பைலில் குறிப்பு எழுதும் குமாஸ்தா இடது பக்கத்தில் தேதியோடு கையொப்பம் இடும் வழக்கமும் அப்படி வந்ததே. கணக்கில் பிழை இருந்தால் எழுதியவரைத் தேடிப் பிடிப்பதற்கு அது வசதி. பிழைக்குத் தேடி வருகிற அதே கையெழுத்து, பாராட்டுக்கும் வழி காட்டினால் என்ன தவறு? கையெழுத்திடுவது பொறுப்பேற்பது. பொறுப்பேற்பவரைத் தற்பெருமைக்காரர் என்று யாரும் சொல்ல முடியாது.

தொழிற்சாலையிலும் இதே கதைதான். இரவு ஷிப்டில் நின்றுபோன மெஷினை மூன்று மணி நேரம் போராடி ஓடவைப்பவர் ஒருவர். காலை ஷிப்டில் வந்து, "மெஷின் நன்றாக ஓடுகிறது" என்று போர்மேனிடம் சொல்பவர் இன்னொருவர். ஷிப்டு மாறுமுன் லாக் புத்தகத்தில் இரண்டு வரி எழுதினால் போதும். எத்தனை மணிக்கு நின்றது, என்ன பழுது, எந்தப் பாகம் மாற்றப்பட்டது, செய்தவர் யார் என்பது அதில் இருக்க வேண்டும். எழுத வராதவர் நண்பரிடம் சொல்லி எழுதவைக்கலாம். ஆறு மாதம் முயன்றால் அந்த இரண்டு வரியைத் தாமே எழுதக் கற்றுக்கொள்ளவும் முடியும்.

'நன்று' கெடுத்த பதவி உயர்வு

இது வெறும் மனத்தாங்கல் விஷயம் அல்ல. பதவி உயர்வு விஷயம். எல்லைச் சாலைப் பொறியியல் பணியில் இருந்த ஓர் எஞ்சினீயருக்கு ஆண்டறிக்கை ஒன்றில் 'நன்று' என்று எழுதியிருந்தார்கள். பதவி உயர்வுக்கு வேண்டியதோ 'மிக நன்று'. 'நன்று' என்பது பாதகமான குறிப்பு அல்ல என்பதால் அவருக்கு அதைத் தெரிவிக்கவே இல்லை. ஆனால் அந்த ஒரு சொல் உயர்வைத் தடுத்துவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அறிக்கையில் என்ன எழுதினாலும் ஊழியருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 2008-இல் தீர்ப்பு வந்தது. 2009-இல் மத்திய அரசும் அவ்வாறே ஆணையிட்டது. அறிக்கை கைக்கு வந்த 15 நாளுக்குள் ஊழியர் தம் மறுப்பை எழுதித் தரலாம்.

அந்த அறிக்கைப் படிவங்கள் பலவற்றில், ஆண்டு முழுதும் செய்த பணியை ஊழியரே எழுத இடம் விட்டிருக்கிறார்கள். அங்கே "வழக்கமான பணிகள்" என்று இரண்டு சொல் எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு யாரும் கவனிக்கவில்லை என்று வருந்துவதில் பொருள் இல்லை. தனியார் கம்பெனியில் இந்த ஆணைகள் செல்லாது. ஆனால் மாதக் கடைசியில், முடித்த வேலைகளை ஐந்து வரியில் அதிகாரிக்கு எழுதி அனுப்ப யாருடைய உத்தரவும் தேவையில்லை.

சண்டையும் வேண்டாம், மௌனமும் வேண்டாம்

பக்கத்து மேஜைக்காரரை என்ன செய்வது? முதலில் அவரிடம் தனியாகப் பேசவேண்டும். அதிகாரியின் எதிரிலோ, நாலு பேர் நடுவிலோ அல்ல. டீ குடிக்கும் நேரத்தில், "அந்தக் கணக்கு நான் போட்டது, அடுத்த முறை இருவரும் சேர்ந்து போய்க் கொடுப்போம்" என்று நிதானமாகச் சொன்னால் போதும். பலர் திட்டமிட்டுத் திருடுவதில்லை. பிறர் உழைப்பு கண்ணில் படாத பிறவிகள் அவர்கள். சொன்னால் வெட்கப்படுவார்கள். சொல்லியும் திருந்தாதவர் இருப்பார். அவரிடம் கடமை அளவுக்குப் பழகிக்கொண்டு, தாளைத் தாமே எடுத்துச் செல்லவேண்டியதுதான்.

ஒன்று மட்டும் கூடாது. மேஜைத் தகராறை மொழித் தகராறாக ஆக்குவது கூடாது. அடுத்தவர் உழைப்பில் பெயர் வாங்குகிறவர் மராத்தியரிலும் உண்டு, குஜராத்தியரிலும் உண்டு, தமிழரிலும் உண்டு.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பத்து நாள் மாலையும் பழைய வவுச்சர் கட்டுகளை ஏணி வைத்து ஏறி இறக்கிக் கொடுத்தவர் யார்? காண்டிராக்டில் வேலை பார்க்கும் பியூன். இரவு பத்து மணிவரை சோற்றைச் சூடாக வைத்திருந்து, விடியற்காலை நான்கு மணிக்குக் குழாய்த் தண்ணீருக்கு எழுந்தவர் யார்? குமாஸ்தாவின் மனைவி. இந்த இருவரிடமும் அவர் ஒரு நல்ல வார்த்தை சொன்னாரா? தம்மைக் கவனிக்காத பக்கத்து மேஜைக்காரரை அவர் மறக்கவில்லை. தாம் கவனிக்காத இவர்களை நினைக்கவும் இல்லை.

அடுத்த கணக்குத் தாளின் அடியில் அவர் கையெழுத்திடட்டும். அதை அதிகாரியிடம் நேரே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். கொடுக்கும்போது, "கட்டுகளையெல்லாம் தேடி எடுத்துக் கொடுத்தது பியூன்" என்று அந்தப் பியூனின் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும்.