கப்பல் விட்டாச்சா டீச்சர்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் எதையாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம் நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் பற்றிய செய்தி ஒன்றைப் பகிர்ந்திருந்தேன். அதன் கீழே என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தான்: "டீச்சர், யாழ்ப்பாணத்துக்குத்தான் பிளேன் இருக்கே. சுற்றுலா போறவங்க கப்பலுக்கு அரசாங்கம் ஏன் மானியம் தரணும்? எல்லாம் நம்ம வரிப்பணம்." அதற்கு முப்பது பேர் லைக் போட்டிருக்கிறார்கள். பாதிப்பேர் என் பிள்ளைகள்தான். பெயர் சொல்ல மாட்டேன். ஆனால் பதில் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. இது சின்னப் பையனின் கேள்வி இல்லை. பெரிய பெரிய அதிகாரிகளும் இதையேதான் வேறு வார்த்தையில் கேட்கிறார்கள்.

முதலில் ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் வகுப்பில் ஒரு பெண் படித்தாள். அவள் அம்மா இலங்கை மலையகத்தில், அட்டனுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் உங்களுக்கு நினைவிருக்கும். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். அந்தக் கணக்கில் இந்த அம்மா இந்தப் பக்கம் வந்தார், அவருடைய அக்கா அந்தப் பக்கம் நின்றார். தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் நம்ம பக்கம் தோட்ட வேலைக்கு வந்து சேர்ந்தவர்.

மகள் படித்து முடித்துக் கல்யாணமாகிப் போன பிறகும் அந்த அம்மா என்னைச் சந்தையில் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பார். "கப்பல் விட்டாச்சா டீச்சர்?" பேப்பர் படிக்கிற ஆள் நான் என்பதால் என்னிடம் கேட்பார். "இன்னும் இல்லைம்மா" என்று நானும் சொல்லிச் சொல்லியே முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன்.

அக்கா 2022-ல் இறந்துபோனார். சாவு வீட்டை இந்த அம்மா பேரன் கையிலிருந்த செல்போனில் பார்த்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். படம் அடிக்கடி நின்று நின்று வந்தது. அவர் அந்தக் கண்ணாடியைத் தடவிக்கொண்டே இருந்தார். அடுத்த வருஷம், 2023 அக்டோபர் 14-ஆம் தேதி, நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் விட்டார்கள்.

அந்தக் கப்பல் எத்தனை நாள் ஓடியது தெரியுமா? ஒரே வாரம். பருவமழை வந்துவிட்டது, கடல் சரியில்லை என்று நிறுத்தினார்கள். பிறகு 2024 ஆகஸ்டில் ஒரு தனியார் நிறுவனம் வேறு கப்பலோடு ஆரம்பித்தது. நவம்பரில் மறுபடி நின்றது. 2025 பிப்ரவரி 22-ல் மறுபடி ஆரம்பம். அதற்கு முன்னால் 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஒரு பெரிய கப்பல் விட்டார்கள், மேளதாளத்தோடு. அந்த வருஷம் முடிவதற்குள் அதுவும் நின்றுவிட்டது.

ஆரம்பிப்பது, நிறுத்துவது, மறுபடி ரிப்பன் வெட்டுவது. இதற்குப் பெயர் போக்குவரத்தா? நம்ம ஊர் மூங்கிலணை காமாட்சியம்மன் கோயிலில் சன்னிதிக் கதவு திறப்பதில்லை. மூடிய கதவுக்குத்தான் பூசை நடக்கும். அது அம்மனுக்கு நாம் கொடுக்கிற மரியாதை. கப்பல் துறையிலும் மூடிய கதவுக்கு ஆரத்தி காட்டிக்கொண்டிருந்தால் அது பக்தி இல்லை, ஏமாற்று.

இனி பையனின் கேள்விக்கு வருகிறேன்.

"பிளேன் இருக்கே." இருக்கிறது, இல்லை என்று நான் சொல்லவில்லை. சென்னையிலிருந்து பலாலிக்கு 2019 முதல் போகிறது. இடையில் கொரோனாவில் நின்று மறுபடி வந்தது. திருச்சியிலிருந்தும் 2025-ல் வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் இதே பேச்சை நாம் எங்கே கேட்டோம் என்று யோசித்துப் பாருங்கள். 2010 முடிவில் மதுரை – போடி ரயிலை அகலப்பாதை ஆக்குகிறோம் என்று நிறுத்தினார்கள். அப்போது நம் மாவட்டத்துக்காரர்களே என்ன சொன்னார்கள்? "பஸ் இருக்கே. அந்தக் கூட்ஸ் வேகத்து ரயில் யாருக்கு வேணும்?" தேனிக்கு ரயில் வர 2022 மே ஆனது, போடிக்கு 2023 ஜூன் ஆனது. பன்னிரண்டு வருஷம்! ஐந்தாம் வகுப்பில் இருந்த பிள்ளை கல்லூரியையே முடித்துவிட்டான். இப்போது அந்த ரயிலில் போய் வருகிற நீங்களே சொல்லுங்கள், பஸ் இருப்பதால் ரயில் தேவையில்லையா? ஒரு வழி இருப்பது இன்னொரு வழியை மூடுவதற்குக் காரணமா?

அதுவும் விமானத்துக்கும் கப்பலுக்கும் ஏறுகிற ஆள் வேறு. மூட்டை முடிச்சோடு, பேரப்பிள்ளைகளோடு, முட்டிவலியோடு போகிற கிழவிக்குக் கப்பல்தான் தோது. யாழ்ப்பாணத்திலிருந்து சிதம்பரத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் வருகிறவர்களுக்கும் நாகப்பட்டினம்தான் வாசல்படி.

"சுற்றுலா போறவங்களுக்கு ஏன் மானியம்?" இங்கேதான் என் பிள்ளை கணக்கில் தப்புப் பண்ணியிருக்கிறான். டிக்கெட் விலை அதிகமாக இருந்தால் யார் போவார்கள்? காசு உள்ள சுற்றுலாக்காரர்கள்தான் போவார்கள். 2023-ல் ஒரு வழிக்கு ஏழாயிரத்துக்கு மேல் கட்டணம் வைத்தார்கள். தொடக்க நாள் சலுகை தனி. 2024-ல் சுமார் ஐந்தாயிரம். அக்காவைப் பார்க்கப் போகிற தோட்டத் தொழிலாளிக்கு அது எத்தனை நாள் கூலி என்று கணக்குப் போடு. விலையை ஏற்றி ஏழையை வெளியே நிறுத்திவிட்டு, "பார், பணக்காரன்தான் ஏறுகிறான், இவனுக்கு எதற்கு மானியம்" என்று கேட்பது என்ன நியாயம்? இப்போது இந்திய அரசு கொஞ்சம் கைகொடுப்பதால்தான் இந்த அளவுக்காவது கட்டணம் இறங்கியிருக்கிறது.

உலகத்தில் யாரும் செய்யாததை நான் கேட்கவில்லை. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் நிறையத் தீவுகள் உண்டு. அங்கே ஓடும் கப்பல்களில் பெரும்பாலானவற்றை கலெடோனியன் மெக்பிரைன் என்ற அரசு நிறுவனம் ஓட்டுகிறது. 2008-ல் அங்கே ஒரு கட்டண முறையைச் சோதனையாகக் கொண்டுவந்தார்கள். அதன் தத்துவம் ரொம்ப எளிது. அந்தக் கடல் தூரம் ரோடாக இருந்திருந்தால் வண்டியில் போக என்ன செலவாகுமோ, கப்பல் கட்டணத்தை அதை ஒட்டியே வைக்க வேண்டும். தீவில் பிறந்தது ஒருத்தரின் குற்றம் இல்லையே! சில வருஷத்தில் அந்த நிறுவனத்தின் மற்றத் தடங்களுக்கும் அதை விரித்தார்கள்.

நல்லதை மட்டும் சொன்னால் வாத்தியார் வேலைக்கு லாயக்கில்லை. அங்கேயும் கோளாறு நடந்தது. கட்டணம் குறைந்ததும் வெளியூர் வண்டிகள் குவிந்து, கோடையில் தீவுக்காரர்களுக்கே இடம் கிடைக்காமல் போனது. கப்பல்கள் பழசாகிவிட்டன. 2015-ல் 97 மில்லியன் பவுண்டுக்கு இரண்டு புதுக் கப்பல் கட்டக் கொடுத்தார்கள். 2018-ல் ஓட வேண்டிய முதல் கப்பல் 2025 ஜனவரியில்தான் ஆள் ஏற்றியது. செலவு பல மடங்கு ஆனது. அந்த ஊர் ஜனங்கள் கொதித்துப் போனார்கள். ஆனால் அவர்கள் "எங்கள் கப்பல் எங்கே?" என்றுதான் கேட்டார்கள். "கப்பல் எதற்கு, பிளேன் இருக்கே" என்று கேட்கவில்லை. அந்த ஒரு வித்தியாசத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். மானியம் மட்டும் போதாது, தகுந்த கப்பலும் வேண்டும் என்பதும் அங்கிருந்து நாம் படிக்க வேண்டிய பாடம்தான்.

ஸ்காட்லாந்து வரைக்கும் போக வேண்டாம். நம் நாட்டிலேயே சென்னையிலிருந்து அந்தமானுக்கும், கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்கும் அரசுக் கப்பல் போகிறது. தீவுவாசிகளுக்குக் குறைந்த கட்டணம். அதை யாராவது வீண்செலவு என்கிறோமா? நம்ம ஊர் டவுன் பஸ் லாபத்திலா ஓடுகிறது? 2021-லிருந்து பெண்கள் அதில் காசில்லாமல் போகிறோம். மலைக்கிராமத்துக்குப் போகிற ஒற்றை பஸ்ஸை லாபக்கணக்குப் பார்த்து நிறுத்தினால் மறியலுக்கு முதல் ஆளாக நிற்பவர்கள் நீங்கள்தான். ரோட்டுக்கு ஒரு நியாயம், கடலுக்கு ஒரு நியாயமா?

"அது வேற நாடு டீச்சர்" என்று அடுத்து கேட்பீர்கள். சரி. 1999-ல் டெல்லியிலிருந்து லாகூருக்கு பஸ் விட்டார்கள். அதே வருஷம் கார்கிலில் போர் நடந்தது. அப்போதும் அந்த பஸ் ஓடியது. சண்டை போட்ட நாட்டுக்கே பஸ் விட்டவர்களுக்கு, சண்டையில்லாத நாட்டுக்குக் கப்பல் விட ஏன் இத்தனை தயக்கம்? கடத்தல், பாதுகாப்பு என்றால் அதற்குத்தான் சுங்கமும் குடியுரிமைச் சோதனையும் இருக்கின்றன. விமான நிலையத்தில் செய்வதைத் துறைமுகத்தில் செய்ய முடியாதா? இன்றைக்கு அந்தக் கடலைப் பற்றி நம் பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் மீனவர் கைது, படகு பறிமுதல் இந்த இரண்டும்தான். இரு கரைச் சனங்களும் சாதாரணமாகப் போய்வந்தால்தான் ஒருத்தர் கஷ்டம் மற்றவருக்குப் புரியும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபோது சென்னையில் ரயில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பல் ஏறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போனார். போட் மெயில் என்று நம் தாத்தாக்கள் சொல்வது இதைத்தான். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதற்குப் பிறகும் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடத்தான் செய்தது. எண்பதுகளில் அங்கே மூண்ட போர்தான் அதை நிறுத்தியது. போர் முடிந்து 2009-லிருந்து எத்தனை வருஷம் ஆச்சு? அந்தப் பக்கம் தலைமன்னாருக்கு 2015-ல் மறுபடி ரயில் வந்துவிட்டது. இந்தப் பக்கம் 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலமும் திறந்தாச்சு. இந்தக் கரையில் ரயில், அந்தக் கரையில் ரயில். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர் சொச்சம். நம்ம ஊரிலிருந்து தேனி போகிற தூரம், கொஞ்சம் கூடக்குறைய. அதைக் கடக்க மட்டும் வண்டி இல்லை. வெள்ளைக்காரன் நூறு வருஷத்துக்கு முன்னால் செய்ததை நாம் செய்யக் கூடாதா?

நான் கேட்பது நான்கே நான்கு. ஒன்று, இந்தக் கப்பலை ஒரு தனியார் கம்பெனியின் லாபநஷ்டத்தில் விடாமல் அந்தமான் கப்பல் மாதிரி அரசே பொறுப்பெடுத்து ஓட்ட வேண்டும். இரண்டு, அலையைத் தாங்குகிற கப்பலாக வாங்க வேண்டும். சுமார் 150 பேர் ஏறும் சின்னக் கப்பலை வைத்துக்கொண்டு ஐப்பசி பிறந்தால் நிறுத்துவது சரியில்லை. புயல் நாளில் நிற்கட்டும், யாரும் உயிரைப் பணயம் வைக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் காற்றுக்கு ஒரு பருவம் முழுக்க நிறுத்தக் கூடாது. மூன்று, கட்டணம் சாதாரணச் சனங்களுக்குக் கட்டுப்படியாக வேண்டும். பஸ் கட்டணத்துக்கே தா என்று நான் கேட்கவில்லை. டீசல், மாலுமி, துறைமுகச் செலவெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் உறவைப் பார்க்கப் போகிற முதியவர்களுக்கும், தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கும் தனிச் சலுகை கொடுக்கலாமே. நான்கு, ராமேஸ்வரம் – தலைமன்னார் தடத்தைப் பேச்சோடு நிறுத்தாமல் தேதி போட்டுச் சொல்ல வேண்டும்.

வரிப்பணம் என்று சொன்னாயே கண்ணு, அந்த அம்மாவும் உப்பு வாங்கும்போதும் சோப்பு வாங்கும்போதும் வரி கட்டியவர்தான். அவரைக் கேட்டுக்கொண்டா இரண்டு அரசாங்கமும் ஒரு வீட்டுப் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தது? கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தியையும் இந்தப் பக்கம் ஒருத்தியையும் நிறுத்தினது அரசாங்கம். நடுவில் கப்பல் விடுவது அரசாங்கம் செய்கிற தர்மம் இல்லை. பட்ட கடன்.

நேற்று அந்த அம்மாவைப் பார்த்தேன். வயது எண்பதை நெருங்குகிறது. "கப்பல் விட்டாச்சும்மா, போறீங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "யாரைப் பாக்கப் போறது டீச்சர்?" என்றார். பிறகு அவரே, "அக்கா மகள் இருக்கா. என் முகம் அவளுக்குத் தெரியாது" என்றார். போகணும் என்கிறார். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற வேலையை நான் எடுத்திருக்கிறேன். பாஸ்போர்ட் வருவதற்குள் பருவம் மாறிக் கப்பல் நின்றுவிடக் கூடாதே என்பதுதான் இப்போது என் கவலை.

பதிவைப் படித்துவிட்டு "அருமை டீச்சர்" என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். மறுப்பு இருந்தால் எழுதுங்கள், பதில் சொல்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அந்தக் கரையில் சொந்தம் உள்ளவர்கள் இருந்தால் அவர்கள் கதையைக் கீழே எழுதுங்கள். நம் தொகுதி எம்.பி.க்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், அதில் சேர்த்துக்கொள்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்ட பையன் முதல் கையெழுத்துப் போடுவான் என்று நம்புகிறேன். கையெழுத்து மட்டும் அழகாகப் போடு தம்பி, ஐந்தாம் வகுப்பில் போட்ட மாதிரி கிறுக்காதே.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர், தேவதானப்பட்டி.