பழைய போனைக் கொடுக்கும் முன்



கண்டி மணிக்கூட்டுக் கோபுரப் பக்கம் போனால், போன் கடைகளில் மாதத்துக்கொரு புது வகை. மூன்று கமரா, நான்கு கமரா என்கிறார்கள். எனக்கு இன்றும் பிடித்தது 2003இல் வந்த நோக்கியா 1100தான். உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. கமரா இல்லை, ஆனால் டோர்ச் இருந்தது. கரண்ட் போன இரவுகளில் அதுதான் எங்கள் வீட்டு விளக்கு.

அதற்காகப் புதியது வேண்டாம் என்று சொல்லவில்லை. தூரதேசத்தில் இருக்கும் பிள்ளையின் முகத்தை வட்ஸ்அப்பில் பார்ப்பது சின்ன விடயமா?

ஆனால் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, பழைய போனைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கினார். இடம்பெயர்வில் அல்பம் தொலைந்தபின், காணாமல் போன கணவரின் ஒரே படம் அந்தப் போனில்தான் இருந்தது. மறுநாள் கடைக்கு ஓடினார். எல்லாம் அழிக்கப்பட்டிருந்தது.

"புதுப் போன் நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. அதில அவர் இல்லையே" என்றார்.

ஆகவே பழையதைக் கொடுக்கும் முன் மெமரி காட்டைக் கழற்றி எடுங்கள். கூகுள் கணக்கில் 15 ஜிபி வரை இலவசமாகச் சேமிக்கலாம். அதன் கடவுச்சொல்லை ஒரு கொப்பியில் எழுதிப் பத்திரமாக வையுங்கள். எல்லாம் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே போனில் உள்ளதை நீங்களே அழியுங்கள்.

மிக முக்கியமான படத்தை ஸ்டூடியோவில் கொடுத்துப் பிரிண்ட் எடுத்து வையுங்கள். காகிதத்துக்குச் சார்ஜ் தேவையில்லை.