ஆஸ்திரேலியாவில் ஆளைக் கொல்வது பாம்பல்ல

ஆஸ்திரேலியாவுக்குப் போகிறேன் என்று யாராவது சொன்னால் போதும், "ஷூவை உதறிவிட்டுப் போடு, உள்ளே சிலந்தி இருக்கும்" என்று அறிவுரை வந்துவிடுகிறது. கழிப்பறையில் பாம்பு, ஆற்றில் முதலை, கடலில் சுறா. அந்த நாட்டில் ஊர்வதும் நீந்துவதும் மனிதனைக் கொல்லவே காத்திருக்கின்றன என்று யூடியூப் காணொளிகள் நம்மை நம்ப வைத்திருக்கின்றன. இந்த நம்பிக்கை தவறானது. பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல் இருக்கச் செய்து, உயிரையும் வாங்கக்கூடியது.

அங்கே கொடிய விஷப்பாம்புகள் இருப்பது உண்மைதான். ஆனால் பாம்பு கடித்து இறப்பவர்கள் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேர். இந்தியாவிலோ ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. கண்ணாடிவிரியனும் கட்டுவிரியனும் வரப்பில் கிடக்கும் நாட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சிட்னியின் பாம்பை எண்ணி நடுங்குவதில் என்ன நியாயம்? அந்த ஊரின் ஃபன்னல்-வெப் சிலந்திக்கு 1981-இல் விஷமுறிவு மருந்து வந்துவிட்டது. அதன்பின் அது கடித்து ஒருவரும் இறந்ததாகப் பதிவில்லை. பாம்பைவிடக் குதிரையால் இறப்பவர்களே அங்கே அதிகம்.

உண்மையான கொலையாளி வெயில். கண்டத்தின் பெரும்பகுதி வறண்ட நிலம். கோடையில் வடக்கிலிருந்து காற்று வீசினால், அந்த உள்நிலத்தின் அனல் அப்படியே தென்கரை நகரங்கள்மேல் இறங்கும். 2009 ஜனவரி 28 முதல் மூன்று நாள் மெல்போர்னில் வெப்பம் தொடர்ந்து 43 டிகிரியைத் தாண்டியது. ரயில் தண்டவாளங்கள் வளைந்தன. லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போனது. அந்த ஒரு வாரத்தில், மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் வழக்கத்தைவிட 374 பேர் கூடுதலாக இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள்.

அடுத்த வாரமே, பிப்ரவரி 7 அன்று, மெல்போர்னில் வெப்பம் 46.4 டிகிரிக்கு ஏறியது, அந்த மாநிலத்தின் காடுகள் பற்றின. யூகலிப்டஸ் இலையில் எண்ணெய், கழன்று தொங்கும் பட்டையில் நெருப்பு. காற்று அந்தப் பட்டைகளைத் தூக்கிப்போய் தூரத்தில் புதுத் தீ மூட்டும். மாலையில் காற்று திரும்பித் தென்மேற்கிலிருந்து வீசியபோது, ஒடுங்கி நீளமாக ஓடிக்கொண்டிருந்த தீயின் பக்கவாட்டு முழுவதும் ஒரே நொடியில் முன்முகமாகிவிட்டது. தீ நம் பக்கம் வராது என்று நினைத்திருந்த ஊர்கள் சிக்கின. 173 பேர் மாண்டார்கள். உலகம் அந்தத் தீயை நினைவில் வைத்திருக்கிறது. அதைப்போல இரு மடங்குக்கும் மேல் பலிகொண்ட முந்தைய வார வெயிலை மறந்துவிட்டது. 1900 முதல் 2010 வரை அங்கே புயல், வெள்ளம், காட்டுத்தீ எல்லாம் சேர்ந்து கொன்றதைவிட வெப்பம் கொன்றது அதிகம். கோரைப்பல் இல்லாத எமனைப் படம் பிடித்துக் காட்ட முடியாது என்பதற்காக, அவன் இல்லை என்று ஆகிவிடுமா?

அந்த நாட்டின் விலங்குகளும் அதே வெயிலில்தான் சாகின்றன. 2018 நவம்பரில் குயின்ஸ்லாந்தின் கெய்ர்ன்ஸ் பகுதியில் இரண்டே நாள் வெப்பத்தில் சுமார் 23,000 பழந்தின்னி வௌவால்கள் மரத்திலிருந்து விழுந்து மடிந்தன. ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த அந்த வௌவால் வகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அது. வெயில் மட்டுமல்ல, மனிதர் வருகையும் விலங்குகளைக் கொன்றது: ஐரோப்பியர் குடியேறியபின் அங்கே முப்பதுக்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்கள் பூண்டோடு அழிந்திருக்கின்றன. அவர்கள் கொண்டுவந்த பூனையும் நரியும் அதில் பெரும்பங்கு வகித்தன. யார் யாரைக் கண்டு அஞ்ச வேண்டும்?

கடலிலும் இதே கதைதான். சுறாவை எண்ணி அலையைக் கூர்ந்து பார்க்கிறவர்கள், கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தைக் கவனிப்பதில்லை. ஆண்டுக்குச் சுறா ஓரிருவரைக் கொன்றால், இந்த நீரோட்டம் இருபது பேருக்குக் குறையாமல் கொல்கிறது. 2024 ஜனவரியில் விக்டோரியாவின் ஃபிலிப் தீவில் நான்கு இந்தியர்கள் மூழ்கி இறந்தது, உயிர்காப்பாளர் இல்லாத கடற்கரையில்தான். இருபுறமும் அலை நுரைத்து உடையும்போது நடுவே மட்டும் நீர் கருத்து, அமைதியாக இருக்கும். குளிக்கத் தோதான இடம் என்று நம்மவர்கள் இறங்குவது அங்கேதான். நீர் உள்ளே இழுப்பதும் அங்கேதான். ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பும் பிள்ளைக்குச் சிலந்தியைப் பற்றிச் சொல்லும் நேரத்தில் இதைச் சொல்லுங்கள்: உயிர்காப்பாளர்கள் நட்ட சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்கு, இழுத்தால் எதிர்த்து நீந்தாதே, மிதந்துகொண்டு கையைத் தூக்கு.