மண்ணுக்குள் வைத்த சாட்சிகள்

பாபிலோனியப் படைகள் எருசலேமை முற்றுகையிட்டிருந்தன. இறைவாக்கினர் எரேமியா காவல்கூடத்தில் அடைக்கப்பட்டிருந்தார். நகரம் வீழும் என்று முன்னறிவித்தவர் அவர்தான். ஆயினும் அந்த நேரத்தில் அவர் அனத்தோத்தில் ஒரு நிலத்தை விலைக்கு வாங்குகிறார். அதன் பத்திரங்கள் நெடுநாள் அழியாதிருக்க, அவற்றை ஒரு மண்பாண்டத்தில் இட்டு வைக்குமாறு பாரூக்கிடம் பணிக்கிறார் (எரே 32). எல்லாம் அழியும் வேளையில் ஓர் ஏட்டைப் பத்திரப்படுத்துவது, பின்னொரு நாளில் அதை எடுத்து வாசிக்க மனிதர் இருப்பர் என்ற நம்பிக்கையின் செயல்.

எரேமியாவின் மக்கள் 20ம் நூற்றாண்டில் இதே செயலை மீண்டும் செய்தனர். போலந்து தலைநகர் வார்சாவில் நாத்சிகள் சுவர் எழுப்பி, நான்கு இலட்சத்துக்கும் அதிகமான யூதர்களை ஒரு சிறு பகுதிக்குள் அடைத்தனர். அங்கே 1940 நவம்பரில் இம்மானுவேல் ரிங்கெல்பிளூம் என்ற வரலாற்றறிஞர் இரகசியக் குழு ஒன்றை அமைத்தார். ஓய்வுநாளில் கூடியதால் 'ஓய்வுநாள் மகிழ்ச்சி' என்பதே அக்குழுவின் மறைபெயர். நாட்குறிப்புகள், பங்கீட்டு அட்டைகள், அரசு அறிவிப்புகள், பள்ளிக் குழந்தைகளின் கட்டுரைகள், மிட்டாய்க் காகிதங்கள் என்று கண்ணில் பட்டதை எல்லாம் அவர்கள் சேகரித்தனர். தங்களைக் கொன்றவர்களின் ஏடுகள் மட்டும் எஞ்சினால், தங்கள் கதையைக் கொலையாளிகளே எழுதிவிடுவர் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

1942 ஜூலையில் வார்சா யூதர்களை திரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு இரயிலில் ஏற்றத் தொடங்கியதும், ஏடுகளைத் தகரப் பெட்டிகளில் இட்டு மண்ணில் புதைத்தனர். 1943ன் தொடக்கத்தில் மேலும் ஒரு பகுதியை இரண்டு பால் கேன்களில் இட்டுப் புதைத்தனர். போருக்குப்பின் 1946ல் பெட்டிகளும் 1950ல் பால் கேன்களும் தோண்டி எடுக்கப்பட்டன. மூன்றாவது பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை. அக்குழுவில் பணியாற்றிய பல பத்துப் பேரில் மூவரே போருக்குப் பின் உயிரோடிருந்தனர். ரிங்கெல்பிளூமையும் அவரது குடும்பத்தையும் தன் தோட்டத்து நிலவறையில் மறைத்துக் காத்தவர் ஒரு போலந்துத் தோட்டக்காரர். 1944 மார்ச்சில் அந்த மறைவிடம் கண்டுபிடிக்கப்பட்டபோது, அடைக்கலம் புகுந்தவர்களோடு அடைக்கலம் தந்தவரும் கொல்லப்பட்டார். 1999ல் யுனெஸ்கோ நிறுவனம் இத்தொகுப்பை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கடவுளை நோக்கிக் கூக்குரலிட்டதை விவிலியத்தின் முதல் பக்கங்களிலேயே நாம் வாசிக்கிறோம். வார்சாவின் மண்ணிலிருந்து எழுந்ததும் அத்தகைய குரலே. அக்குரலைக் கேட்க வேண்டியவர்களில் கத்தோலிக்கராகிய நாமும் இருக்கிறோம். ஏனெனில் இந்தச் சாட்சிகளில் ஒரு பகுதி நம் வீட்டு அலமாரிகளிலேயே இருந்தது.

திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள், 'திருச்சபை வரலாற்றைக் கண்டு அஞ்சுவதில்லை' என்று கூறி, திருத்தந்தை 12ம் பத்திநாதர் காலத்து வத்திக்கான் ஆவணங்களை 2020 மார்ச் 2 அன்று ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2022 ஜூனில், துன்புற்ற யூதர்கள் உதவி கேட்டு அனுப்பிய ஏறத்தாழ 2,700 விண்ணப்பங்கள் அடங்கிய 170 தொகுதிகள் இணையத்தில் வெளியிடப்பட்டன. விசா வேண்டும், முகாமிலிருந்து விடுதலை வேண்டும், காணாமற்போன உறவினரைப் பற்றித் தகவல் வேண்டும் என்ற கதறல்கள் அவை. பல விண்ணப்பங்களின் முடிவு என்ன ஆயிற்று என்பது அந்தக் கோப்புகளிலிருந்து தெரிவதில்லை.

2023 செப்டம்பர் மாதம் நமக்கு ஒரு பாடமாக அமைந்தது. அம்மாதத்தில் இரு ஆவணங்கள் செய்தியாயின. ஒன்று, நாத்சிகளின் ஆக்கிரமிப்பின்போது உரோமை நகரின் துறவற இல்லங்களில் அடைக்கலம் பெற்ற 4,300க்கும் மேற்பட்டோர் பற்றிய பட்டியல். அவர்களில் சுமார் 3,200 பேர் யூதர்கள் என்று உறுதி செய்யப்பட்டுள்ளது. மற்றொன்று, ஜெர்மானிய இயேசு சபை அருள்பணியாளர் லோத்தர் கோனிக், திருத்தந்தையின் செயலரான அருள்பணி இராபர்ட் லைபருக்கு 1942 டிசம்பர் 14 அன்று எழுதிய கடிதம். பெல்செக் கொலைமுகாமில் நாள்தோறும் 6,000 பேர் வரை, பெரும்பாலும் போலந்து நாட்டவரும் யூதரும், கொல்லப்படுகின்றனர் என்கிறது அக்கடிதம். பத்து நாள்கள் கழித்துத் திருத்தந்தை தம் கிறிஸ்து பிறப்பு வானொலிச் செய்தியில், இனத்தின் காரணமாகவே சாவுக்கு உள்ளாக்கப்படும் இலட்சக்கணக்கானோரைக் குறிப்பிட்டார். ஆனால் யூதர் என்ற பெயரை அவர் சொல்லவில்லை.

முதல் ஆவணத்தைக் கண்டு நாம் பெருமைப்படுகிறோம். இரண்டாவதைக் கண்டு தயங்குகிறோம். முதல் ஏட்டை மட்டும் பங்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, இரண்டாவதைப் பெட்டிக்குள் மூடி வைப்பது உண்மைக்குச் செய்யும் பணி ஆகாது. யூத குலத்தில் பிறந்து கத்தோலிக்கரான புனித எடித் ஸ்டெயின், யூதர்களுக்கு எதிரான கொடுமைக்கு முன் திருச்சபை மௌனம் காக்கலாகாது என்று 1933லேயே திருத்தந்தை 11ம் பத்திநாதருக்கு எழுதியிருந்தார். அக்கடிதம் 2003ல்தான் வெளியுலகுக்குத் தெரிய வந்தது. அதை எழுதிய அவரோ 1942 ஆகஸ்டில் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார்.

சீயோனிச இயக்கத்தின் ஆவணங்களும் இவ்வாறே நம்மைக் கேள்வி கேட்கின்றன. அவற்றைச் சேகரிக்க 1919ல் பெர்லினில் தொடங்கப்பட்ட மைய ஆவணக் காப்பகம், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933ல் எருசலேமுக்கு மாற்றப்பட்டது. அவ்வியக்கத்தின் தலைவர் தியோடர் ஹெர்சல் 1904 ஜனவரியில் திருத்தந்தை 10ம் பத்திநாதரைச் சந்தித்தார். யூதர்கள் புனித நாட்டில் குடியேறுவதைத் திருத்தந்தை ஆதரிக்க மறுத்ததை அவர் தம் நாட்குறிப்பில் பதிந்துள்ளார். அன்று மறுத்த திருப்பீடம், 2ம் வத்திக்கான் சங்கத்தின் 'நம் காலத்தில்' என்ற 1965ம் ஆண்டு அறிக்கையில் யூதர்களுக்கு எதிரான பகைமையைக் கண்டித்தது. 1993 டிசம்பர் 30 அன்று இஸ்ரயேல் நாட்டோடு ஒப்பந்தமும் செய்துகொண்டது.

அதே மண்ணின் மற்றொரு மக்களுக்கும் ஏடுகள் உண்டு. 1948 போரில் வீடிழந்த ஏறத்தாழ ஏழு இலட்சம் பாலஸ்தீனர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தனர். அவர்களின் வாரிசுகள் பலர் பழைய வீட்டுச் சாவியையும் நிலப் பத்திரத்தையும் இன்றும் காத்து வருகின்றனர். எரேமியா மண்பாண்டத்தில் வைத்ததும் ஒரு நிலப் பத்திரமே அன்றோ! 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரயேலில் கொல்லப்பட்டோரின் நினைவும், அதன்பின் காசாவில் மாண்ட பல்லாயிரவரின் நினைவும் ஒன்றையொன்று அழிக்க வேண்டியவை அல்ல. 2025 ஜூலையில் காசாவின் திருக்குடும்பப் பங்கு ஆலயம் தாக்கப்பட்டு மூவர் இறந்ததை நாமும் கண்ணீரோடு கேட்டோம். ஒரு மக்களின் ஆவணத்தைக் கேடயமாகப் பிடித்து மறு மக்களின் ஆவணத்தைக் கிழிப்பவர், இரண்டையுமே அவமதிக்கிறார்.

இவை தூரத்துச் செய்திகள் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. நாத்சி ஆட்சியில் அரசு வேலை பெற விரும்பியவர், தாம் யூத இரத்தம் கலவாதவர் என்று காட்ட வேண்டியிருந்தது. அதற்குரிய சான்றைத் தந்தவை பங்குகளின் திருமுழுக்குப் பதிவேடுகள். ஒருவரைக் கிறிஸ்துவோடு இணைத்ததற்கான பதிவு, மற்றொருவரைச் சாவுக்குப் பிரித்தெடுக்கும் கருவியாயிற்று. மறுபக்கம், 1944ல் புடாபெஸ்ட் நகரில் திருச்சபையினர் பலர் யூதர்களுக்குத் திருமுழுக்குச் சான்றிதழ் எழுதித் தந்து உயிர் காத்தனர். இரண்டிலும் இருந்தது காகிதமும் மையுமே. அவற்றைக் கையாண்ட மனிதரின் மனச்சான்றுதான் வேறுபட்டது.

2000ம் ஆண்டு மார்ச் 26 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் எருசலேமின் மேற்குச் சுவர் முன் நின்று, யூத மக்களுக்கு இழைக்கப்பட்ட துன்பங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டும் செபத்தை ஒரு தாளில் எழுதிச் சுவரின் இடுக்கில் வைத்தார். அத்தாள் பின்னர் யாத் வாஷேம் நினைவகத்தில் சேர்க்கப்பட்டது. நம் மனவருத்தமும் இன்று ஓர் ஆவணமாக அங்கே இருக்கிறது.

முகாம்களிலிருந்து உயிர் பிழைத்து வந்தோர் முதுமையால் ஒவ்வொருவராக விடைபெறுகின்றனர். இனிச் சான்று பகர வேண்டியவை இந்த ஏடுகளே. நம் பங்கில் மறைக்கல்வி கற்கும் பிள்ளைகளுக்கு, இயேசுவும் மரியாவும் யூதர்கள் என்பதையும் அவர்களின் இனத்துக்கு நேர்ந்ததையும் எடுத்துச் சொல்வோம். நமக்குச் சாதகமான ஏட்டையும் நம்மைச் சுடும் ஏட்டையும் ஒரே நேர்மையோடு வாசிப்போம். உண்மையைக் கேட்கும் துணிவையும், கேட்டபின் மாறும் மனதையும் இறைவன் நமக்குத் தந்தருள்வாராக.