பூட்டிய அறையும் கட்டில்லாக் கிணறும்

மாரி ஓய்ந்த பின்னர் வன்னியில் ஒரு மீள்குடியேற்றக் கிராமத்துப் பாடசாலைக்குப் போயிருந்தோம். தரம் 9 வரை உள்ள சிறிய பாடசாலை. முற்றத்தின் ஓரத்தில் புதிதாக வர்ணம் பூசிய ஓர் அறை. கதவில் ‘கணனிக் கூடம்’ என்று அழகாக எழுதியிருந்தது. கதவில் பெரிய பூட்டு. திறப்பு அதிபரிடம், அதிபரோ வலயக் கல்விப் பணிமனையில் கூட்டம் என்று போய்விட்டார். யன்னல் வழியே பார்த்தோம். ஆறு கணனிகள் துணி போர்த்தியபடி இருந்தன. துணிக்கு மேலே தூசி படிந்திருந்தது.

அறையின் பின்பக்கம் போகத் திரும்பினோம். மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை ஓடிவந்து, “அங்கால போகாதேங்கோ, கிணறு இருக்கு” என்றது. பற்றை மூடிய பழைய கிணறு. கட்டு இல்லை. சுற்றிவர நட்டிருந்த கம்பும் முட்கம்பியும் வெள்ளத்தில் சரிந்து கிடந்தன. பெரியவர்களாகிய எங்களை எட்டு வயதுப் பிள்ளை காப்பாற்றியது. அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற வேண்டியவர்கள் யார் என்ற கேள்வியோடு வீடு திரும்பினோம்.

கிராமப் பாடசாலை ஒன்றைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும் என்பது எமது கருத்து. முதலாவது, இதை முன்னின்று நடத்துபவர் யார்? இரண்டாவது, பிள்ளை பத்திரமாகப் போய், இருந்து, திரும்புகின்றதா? மூன்றாவது, புதிய கருவிகள் பிள்ளையின் கைக்கு எட்டுகின்றனவா? எமது பகுதிகளில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. கணனி முதலில் வருகிறது. திறப்பு விழாவும் படமும் அதனுடன் வருகின்றன. கிணற்றுக்குக் கட்டுக் கட்டியதற்கு யாரும் நாடா வெட்டுவதில்லை.

எதை இழந்தாலும்

இடம்பெயர்ந்த எமக்குப் பாடசாலை என்றால் என்ன என்பதைப் பிறர் சொல்லித் தரத் தேவையில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தைவிட்டு நடந்தபோது பானை சட்டியோடு புத்தகப் பையையும் சுமந்தோம். பின்னர் மர நிழல்களிலும், பிறர் பாடசாலைகளில் மாலை நேரத்திலும் எமது பிள்ளைகள் படித்தார்கள். 2009 ஓகஸ்ட் மாதத்தில் செட்டிகுளம் மெனிக்பாம் முகாம்களின் முட்கம்பிக்குள் இருந்தபடியே பிள்ளைகள் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றினார்கள். வயலும் மாடும் வீடும் போயின. படிப்பை மட்டும் விடவில்லை. 1945 தொடக்கம் இந்நாட்டில் உள்ள இலவசக் கல்வியே எமது கையில் மிஞ்சிய முதிசம்.

அந்த முதிசத்துக்கு இப்போது வேறு வகையில் ஆபத்து வந்துள்ளது. 50 பிள்ளைகளுக்கும் குறைந்த பாடசாலைகளை மூடுவதா, இணைப்பதா என்ற பேச்சு 2025இல் நாடாளுமன்றத்திலும் எழுந்தது. வன்னியில் அத்தகைய பாடசாலைகள் பல உண்டு. பிள்ளைகள் குறைந்ததற்குக் காரணம் நாம் பிள்ளை பெறாதது மட்டுமன்று. வசதியுள்ளவர் பிள்ளையை நகரத்துக்கு அனுப்புகிறார். அதனால் பாடசாலை மெலிகிறது. மெலிந்த பாடசாலைக்கு ஆசிரியர் வருவதில்லை. ஆசிரியர் இல்லாததால் இன்னும் இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போகின்றன. கடைசியில் நிற்பவை கூலி வேலை செய்யும் குடும்பங்களின் பிள்ளைகளே.

தலைமை

எமது கிராமப் பாடசாலைகள் மாகாண நிர்வாகத்தின் கீழ் உள்ளவை. மாகாணத் திணைக்களம், வலயம், கோட்டம், பின்னர் அதிபர் என்று படிகள் உண்டு. துணுக்காய், மடு, வவுனியா வடக்கு போன்ற வலயங்களில் காடும் குளமும் கடந்துதான் பல பாடசாலைகளுக்குப் போக வேண்டும். மேலிருந்து வருபவர் ஆண்டில் ஓரிரு தடவைதான் வருவார். ஆகவே அங்கே அரசாங்கம் என்பது அதிபர்தான்.

அந்த அதிபர் பெரும்பாலும் எப்படி வருகிறார்? அதிபர் சேவையில் உள்ளவர் கிடைக்காதபோது மூத்த ஆசிரியர் ஒருவர் கடமையைப் பார்க்கிறார். பொறுப்பு முழுவதும் அவருக்கு, அதிகாரம் அரைகுறை. அவரே வகுப்பும் எடுக்க வேண்டும், படிவமும் நிரப்ப வேண்டும், சத்துணவுக் கணக்கும் பார்க்க வேண்டும். வேறு இடங்களில் நியமனம் பெற்ற அதிபர் வந்தாலும், எப்போது இடமாற்றம் வரும் என்று நாள் எண்ணுகிறார். திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்து வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் புறப்படும் பாடசாலை, கிழமையில் மூன்று நாள் பாடசாலையே.

ஆயினும் ஆசிரியரை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. கூரை ஒழுகும் விடுதியில், மலசலகூடம் பாவிக்க முடியாத இடத்தில், மனைவியையும் பிள்ளையையும் எழுபது மைல் தொலைவில் விட்டுவிட்டு எவர் தங்குவார்? அதிகஷ்டப் பிரதேசம் என்று பட்டியலிட்டு ஒரு கொடுப்பனவு தந்துவிட்டால் போதாது. இருக்க ஒரு வீடு வேண்டும். நாம் அறிந்த ஒரு கிராமத்தில் ஊரவர்கள் சேர்ந்து ஆசிரியர் விடுதியின் கூரையை மாற்றி, கிணறு இறைத்துக் கொடுத்தார்கள். அடுத்த தவணையிலிருந்து இரண்டு ஆசிரியைகள் அங்கேயே தங்கினார்கள்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பெற்றார் அனைவருக்கும் இடம் உண்டு. இதை நாம் மறந்துவிட்டோம். பணம் கேட்பார்கள் என்று பயந்து கூட்டத்துக்குப் போவதில்லை. போனாலும் பின்வரிசையில் இருந்து கை உயர்த்திவிட்டு வருகிறோம். கமக்காரர் அமைப்பில் தண்ணீர்ப் பங்கீட்டுக்குச் சண்டை பிடிக்கும் நாம், பிள்ளையின் பாடசாலைக் கூட்டத்தில் வாய் திறப்பதில்லை. வாய்க்கால் துப்புரவில்லாவிட்டால் கடைமடை வயல் காயும் என்பது எமக்குத் தெரியும். பாடசாலைக்கும் அதுவே விதி.

பாதுகாப்பு

பாதுகாப்பு என்றதும் காவலாளியும் மதிலும் நினைவுக்கு வரலாம். எமது பிள்ளைகளின் ஆபத்துகள் வேறு.

கண்ணிவெடித் தடைச் சமவாயத்தில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. அதன்படி வெடிகளை அகற்றி முடிக்க 2028 யூன் 1ஆம் திகதிவரை தவணை உண்டு. அதாவது வேலை இன்னும் முடியவில்லை. துப்புரவாக்கிய நிலத்திலும் வெள்ளம் மண்ணை அரித்தால் பழைய வெடிபொருள் வெளியே தெரியலாம். மிதிவெடி பற்றிய வகுப்பை ‘அது பழைய கதை’ என்று பாடசாலைகள் கைவிடக் கூடாது. போரைக் காணாத பிள்ளைக்கே அது கூடுதலாகத் தேவை. தொடாதே, எறியாதே, வந்த அடியைப் பார்த்துத் திரும்பு, பெரியவருக்குச் சொல் என்ற நான்கும் மனப்பாடமாக வேண்டும். பெரியவர் அதைக் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ உடன் அறிவிக்க வேண்டும்.

அடுத்தது வீதி. 2024 நவம்பர் 26ஆம் திகதி அம்பாறை மாவட்டம் காரைதீவுப் பகுதியில், மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய மாணவரை ஏற்றிய உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துச் சென்றது. மாணவர் பலர் உயிரிழந்தனர். அந்த உழவு இயந்திரம் எமது முற்றத்தில் நிற்பது போன்றதுதான். நாமும் மாரியில் பெட்டியில் பிள்ளைகளை ஏற்றிப் பாலம் கடக்கிறோம். தண்ணீர் பாயும் பாலத்தைக் கடப்பதில்லை என்று ஊராகத் தீர்மானிக்க வேண்டும். அன்று வரவு இல்லை என்பதற்காகப் பிள்ளையைத் தண்டிப்பதில்லை என்று பாடசாலையும் தீர்மானிக்க வேண்டும். யானை நடமாடும் பாதையில் விடியற்காலை பிள்ளை தனியே நடக்காமல், கூட்டாகப் பெரியவர் ஒருவரோடு செல்ல ஒழுங்கு வேண்டும். சலுகைக் கட்டணத்தில் ஓடும் ‘சிசு செரிய’ பஸ் எமது வீதிக்கு வரவில்லையானால், சங்கம் எழுத்தில் கேட்க வேண்டும்.

மூன்றாவது, பாடசாலையே தஞ்சமாகும் நாட்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் 600க்கு மேற்பட்ட உயிர்களை இந்நாட்டில் பறித்தது. வன்னியிலும் குளங்கள் நிரம்பி வழிய, மக்கள் பாடசாலைகளில் ஒதுங்கினார்கள். ஒதுங்க வேண்டியதுதான், ஆனால் எந்த அறை மக்களுக்கு, எந்த அறையில் பதிவேடுகளும் கருவிகளும், எவர் திறப்பு வைத்திருப்பார் என்பவற்றை மழைக்கு முன்னரே பேசி வைக்க வேண்டும். ஆழிப்பேரலை வந்த டிசம்பர் 26ஐத் தேசிய பாதுகாப்பு தினமாக 2005 தொடக்கம் அனுட்டிக்கிறோம். அது பெரும்பாலும் விடுமுறையில் வருகிறது. அதற்குள் பாதி மாரியும் போய்விடும். எமது பாடசாலைகளுக்கு ஒத்திகை ஒக்ரோபரிலேயே வேண்டும்.

கருவிகள்

இவ்வளவும் சொன்னதால் கணனி தேவையில்லை என்கிறோம் என்று எண்ண வேண்டாம். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடியபோது பாடங்கள் கைத்தொலைபேசிக்கு வந்தன. வீட்டில் இருந்த ஒரு தொலைபேசியைத் தகப்பன் வயலுக்குக் கொண்டுபோனார். மூன்று பிள்ளைகள் மாலைவரை காத்திருந்தார்கள். 2021இல் ஊவாவின் பொஹிட்டியாவ என்ற மலைக் கிராமத்தில் ஆசிரியையும் மாணவரும் அலை கிடைக்கும் பாறை தேடிக் காடேறினார்கள். நகரத்துப் பிள்ளைக்கும் எமது பிள்ளைக்கும் இடையே இருந்த தூரம் அந்த இரண்டு ஆண்டுகளில் பெரிதாகிவிட்டது. ஆகவே கணனி ஆடம்பரமன்று.

ஆனால் அறை ஏன் பூட்டிக் கிடக்கிறது? பொருட்பதிவேட்டில் ஏறிய கணனி உடைந்தால் பொறுப்பு அதிபரின் தலையில். பாவிக்காத கணனியைப் பற்றி எவரும் விசாரிப்பதில்லை. இந்நிலையில் புத்தியுள்ள எவரும் பூட்டித்தான் வைப்பார். பயிற்சி பெற்ற ஒரேயொரு ஆசிரியர் இடமாற்றம் பெற்றதும் பூட்டு துருப்பிடிக்கிறது. பாவிக்காத இயந்திரமும் பழுதாகும். தூசியும் ஈரமும் எறும்பும் உள்ளே போகும். ஏற்றாமல் கிடக்கும் மின்கலம் செத்துவிடும். நீரிறைக்கும் இயந்திரத்தை ஒரு போகம் கவிழ்த்து வைத்தால் என்னவாகும் என்று கமக்காரருக்குத் தெரியாதா?

இணையம் இல்லை என்பது முழுக் காரணமாகாது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாக உள்ளன. கல்வி அமைச்சின் ‘இ-தக்சலாவ’ தளத்திலும் தமிழில் பாடங்கள் உண்டு. மாதம் ஒருமுறை நகரத்துக்குப் போகும் ஆசிரியர் இவற்றைச் சிறு நினைவகத்தில் ஏற்றி வந்தால், இணையமின்றியே ஆறு கணனிகளும் ஆறு நூலகங்களாகும். 2025 யூலையில் ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவையும் இந்நாட்டில் தொடங்கிவிட்டது. அலைக் கோபுரம் எட்டாத இடம் என்று இனி எந்த ஊரையும் தள்ளி வைக்க முடியாது. செலவை யார் ஏற்பது என்பதே கேள்வி. இடி முழங்கும்போது மின்னிணைப்பைக் கழற்றுவது, கிழமைக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் இயக்குவது, தூசி துடைப்பது ஆகியவற்றை மேல்வகுப்புப் பிள்ளைகளே முறைவைத்துச் செய்யலாம்.

மூடலாமா?

“சிறிய பாடசாலையை மூடிவிட்டு, பிள்ளைகளைப் பெரிய பாடசாலைக்கு பஸ்ஸில் அனுப்பினால் எல்லாம் கிடைக்குமே” என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல எண்ணத்தோடு கேட்பவர்களும் உண்டு. உயர்தர வகுப்புக்கு அது பொருந்தலாம். ஆனால் மாரியில் பாலத்தின் மேல் தண்ணீர் பாயும் வீதியில் ஆறு வயதுப் பிள்ளையை எந்த பஸ் ஏற்றப் போகிறது? இன்னுமொன்றும் உண்டு. 1990இல் ஊரைவிட்டு வெளியேறியவர்களில் இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாதோர் இருக்கிறார்கள். பாடசாலை இல்லாத ஊருக்கு இளம் குடும்பம் எதுவும் திரும்பாது. பாடசாலைக் கதவை மூடுவது, திரும்பி வரும் பாதையையும் மூடுவதாகும்.

எனவே அதிகாரிகளிடம் நான்கைக் கேட்போம். நியமனம் பெற்ற அதிபரைக் குறைந்தது ஐந்து ஆண்டு எமது பாடசாலையில் வையுங்கள். அவர் தங்க வீடு தாருங்கள். கணனி பழுதானால் அதிபரைத் தண்டிக்காது, திருத்துவதற்கு வலயத்தில் ஒருவரை நியமியுங்கள். சிறிய பாடசாலையை மூட எண்ணினால், முதலில் ஊரைக் கூட்டிப் பேசுங்கள்.

எமக்கு நாமே மூன்றைச் சொல்லிக்கொள்வோம். அடுத்த சங்கக் கூட்டத்துக்குக் கணவனும் மனைவியும் போவோம். பாடசாலைக்குப் போகும் பாதையைப் பிள்ளையோடு ஒருநாள் நடந்து, ஆபத்தான இடங்களை எழுதி அதிபரிடம் கொடுப்போம். ஒரு சனிக்கிழமை மண்வெட்டியோடு சேருவோம்.

அந்தக் கிணற்றுக்குக் கட்டுக் கட்டச் சில பை சீமெந்தும், கல்லும் மணலும், ஊரின் ஒருநாள் உழைப்பும் போதும். அதை முடித்துக் கை கழுவிய பின், எல்லோருமாகப் போய் அதிபரிடம் கணனி அறையின் திறப்பைக் கேட்போம். கேட்கும் உரிமை அப்போது எமக்கு இன்னும் கூடியிருக்கும்.